பாட வீடியோக்கள்: பிள்ளைகள் பார்க்கிறார்களா, படிக்கிறார்களா?

"ஹஜ்ரத், என் மகன் நாள் முழுக்க மொபைலில் பாடம்தான் பார்க்கிறான். ஆனால் பரீட்சையில் மார்க் வரவில்லையே, என்ன காரணம்?" பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் வருகிறது. "மொபைலைக் கையில் கொடுத்தாலே பிள்ளை கெட்டுவிடும் என்கிறார்கள். பாடம் பார்க்கக்கூட கொடுக்கக் கூடாதா?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். பாட வீடியோ நல்ல கருவி. ஆனால் அது கற்பித்தலில் பாதி வேலையை மட்டுமே செய்கிறது. மீதிப் பாதியை வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்த மீதிப் பாதி எது, அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இது எப்படித் தொடங்கியது?

குறுகிய பாட வீடியோ என்றதும் உலகம் முழுவதும் சொல்லப்படும் பெயர் ஸல்மான் கான். நடிகர் அல்ல. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். தந்தையின் பூர்வீகம் இன்றைய வங்காளதேசம். நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், 2004ஆம் ஆண்டு, வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியே கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவினர்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க முடியாததால், 2006ஆம் ஆண்டு முதல் பாடங்களை யூடியூபில் பதிவேற்றினார். அதுவே பின்னர் 'கான் அகாடமி' என்ற, லாப நோக்கமற்ற கல்வி நிறுவனமாக வளர்ந்தது.

அந்தப் பாடங்களில் ஆசிரியரின் முகம் தெரியாது. கறுப்புத் திரையில் எழுதும் எழுத்தும், பேசும் குரலும் மட்டுமே. ஒரு பாடம் ஏறத்தாழ 10 நிமிடம். நேரில் சொல்லிக் கொடுப்பதைவிட வீடியோவே தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதாக அவர் பல மேடைகளில் கூறியிருக்கிறார். காரணம் எளிது. புரியாத இடத்தில் நிறுத்தலாம். பின்னால் போய் மீண்டும் கேட்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. வகுப்பில் 50 பிள்ளைகளுக்கு நடுவில் எழுந்து, "சார், புரியவில்லை" என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். வீட்டில் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லாத குடும்பங்கள் உண்டு. வாப்பா வெளிநாட்டில் இருப்பார். உம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருப்பார். டியூஷனுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு நல்ல ஆசிரியரின் குரல் இலவசமாக வந்து சேர்வது உண்மையிலேயே ஒரு நிஃமத்துதான்.

தமிழ்நாட்டிலும் இந்த வசதி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2018ஆம் ஆண்டு வந்த புதிய பாடப்புத்தகங்களில் பாடத்தோடு சதுரமான கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த கியூஆர் கோடை 'தீக்ஷா' செயலி மூலம் ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான வீடியோக்களும் பயிற்சிகளும் திறக்கும். 2019 ஆகஸ்டில் 'கல்வி தொலைக்காட்சி' தொடங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு பள்ளிக் கல்வித்துறை 'மணற்கேணி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. இவை எல்லாம் நம் பிள்ளைகள் படிக்கும் அதே பாடத்திட்டத்தில், தமிழிலேயே கிடைக்கின்றன. ஆனால் புத்தகத்தில் அந்தக் கட்டம் எதற்காக இருக்கிறது என்று தெரியாத பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். முதலில் இதைத் தெரிந்துகொள்வோம்.

சுருக்கமான பாடம் ஏன் நல்லது?

2014ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'எட்எக்ஸ்' என்ற இணையக் கல்வித் தளத்தில், மாணவர்கள் பாட வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் நிலைத்திருந்தது பெரும்பாலும் 6 நிமிடங்களுக்குள்தான் என்று கண்டார்கள். பெரியவர்கள் நிலையே இதுவென்றால், 12 வயதுப் பிள்ளையை ஒரு மணி நேர வீடியோ முன் உட்கார வைப்பதில் என்ன பயன்?

கற்பவர் சலித்துப்போகக் கூடாது என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்துவந்தார்கள். தினமும் செய்யலாமே என்று ஒருவர் கேட்டபோது, மக்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை என்றும், நபி (ஸல்) அவர்களும் இதே காரணத்துக்காக இடைவெளி விட்டே தங்களுக்கு உபதேசித்தார்கள் என்றும் பதில் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பகுதியில் இது பதிவாகியுள்ளது.

படம் வரைந்து விளக்கும் முறையும் நபிவழியில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும், அந்தக் கோட்டை நோக்கிப் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கோடுகளையும் போட்டார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். சூழ்ந்திருக்கும் சதுரம் அவனுடைய ஆயுள். வெளியே நீள்வது அவனுடைய ஆசை. சின்னக் கோடுகள் அவனுக்கு நேரும் சோதனைகள் என்று விளக்கினார்கள். ஆயுளைத் தாண்டி நீளும் ஆசையைச் சில கோடுகளிலேயே காட்டிவிட்டார்கள். சொல்லும் படமும் சேர்ந்தால் பாடம் மனத்தில் பதியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று நமக்குத் தேவையில்லை.

புரிந்தது போன்ற மயக்கம்

அப்படியானால் நாள் முழுக்கப் பார்த்த பிள்ளைக்கு ஏன் மார்க் வரவில்லை?

இதற்கு விடை சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. டெரெக் முல்லர் என்பவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டு முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. மாணவர்களுக்கு இயற்பியல் வீடியோக்களைக் காட்டி, முன்னும் பின்னும் தேர்வு வைத்தார். தெளிவாக, நேரடியாக விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள், "நன்றாகப் புரிந்தது" என்றார்கள். ஆனால் அவர்களுடைய மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தை முதலில் எடுத்துப் பேசி, பிறகு சரியானதை விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள், "குழப்பமாக இருந்தது" என்றார்கள். அவர்கள்தான் அதிக மதிப்பெண் எடுத்தார்கள்.

காரணம் இதுதான். பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே ஒரு தவறான கருத்து இருந்தால், வீடியோ சொல்வதை அது சரியாகக் கவனிப்பதில்லை. "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று நினைத்துக்கொள்கிறது. பழைய தவறு அப்படியே தங்கிவிடுகிறது. கூடவே "எனக்குத் தெரியும்" என்ற நம்பிக்கையும் சேர்ந்துவிடுகிறது.

நமக்கு நன்கு பழக்கமான பிறையையே உதாரணமாகப் பார்ப்போம். பிறை ஏன் வளர்கிறது, தேய்கிறது என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "பூமியின் நிழல் நிலாவில் விழுவதால்" என்று பல பிள்ளைகள் சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வதுண்டு. அது தவறு. பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் சூரிய ஒளி பட்டுக்கொண்டே இருக்கிறது. நிலா பூமியைச் சுற்றி வரும்போது, ஒளிபட்ட அந்தப் பாதியில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே நாளுக்கு நாள் மாறுகிறது.

இதை விளக்கும் நான்கு நிமிட வீடியோவைப் பிள்ளை பார்த்து முடித்ததும் விட்டுவிட்டால், பழைய நிழல் கதையே மனத்தில் இருக்கும். மாறாக, மஃரிபுக்குப் பின் மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, மேற்கில் தெரியும் பிறையைக் காட்டிக் கேளுங்கள்: "சூரியன் இப்போதுதான் அந்தப் பக்கம் மறைந்தது. பிறையும் அதே பக்கம்தான் நிற்கிறது. அப்படியிருக்க, பூமியின் நிழல் அதன்மேல் எப்படி விழும்?" பிள்ளை யோசிக்கும். அந்த யோசனையில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. பிறகு வீட்டுக்குள் வந்து விளக்குகளை அணைத்து, ஒரு டார்ச்சையும் ஒரு பந்தையும் கொடுத்து, பிறையை அதன் கையாலேயே உண்டாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வாழ்நாளில் மறக்காது.

ஹிஃப்ளு மதரஸா சொல்லும் பாடம்

ஸூரா யாஸீனைக் காரிகளின் குரலில் ஆயிரம் முறை கேட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கேட்டதால் மட்டும் அது மனனம் ஆகிவிட்டதா? இல்லை. ஹாஃபிழ் ஆகும் பிள்ளை என்ன செய்கிறது? புதிய ஸபக்கை மனனம் செய்து, முஸ்ஹஃபை மூடிவைத்து, உஸ்தாத் முன் உட்கார்ந்து ஓதிக் காட்டுகிறது. தடுமாறும் இடத்தில் உஸ்தாத் நிறுத்துகிறார். மறுநாள் புதிய ஸபக்கோடு, சில நாட்களுக்கு முன் ஓதியதையும் ஒப்புவிக்க வேண்டும். அதோடு பழைய ஜுஸ்உகளையும் முறை வைத்து ஓதிக் காட்ட வேண்டும். எழுத்து மாறாமல் முழுக் குர்ஆனையும் நெஞ்சில் நிறுத்தும் முறை இது. பல நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கானோரிடம் சோதிக்கப்பட்டு வென்ற முறை.

இன்றைய உளவியலும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடப் பகுதியை மீண்டும் மீண்டும் படித்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை படித்த பின், அதை மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, மூடிவைத்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

பரீட்சை, பாடம் படித்த 5 நிமிடத்தில் வருவதில்லை. வாரங்களும் மாதங்களும் கழித்து வருகிறது. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளை, அன்றிரவு எல்லாம் தெரிந்ததாக நினைக்கிறது. பரீட்சை அறையில் தடுமாறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், வீடியோ ஸபக் சொல்லிக் கொடுக்கும், ஒப்புவிப்புக் கேட்காது. ஒப்புவிப்புக் கேட்பதுதான் வீட்டில் இருப்பவர்களின் வேலை. ஸல்மான் கானும் வீடியோ போடுவதற்கு முன்பே, பிள்ளைகள் பயிற்சி செய்யக் கணக்குகளைத் தரும் மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தார். சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் போதும். அதில் வீடியோ 5 முதல் 10 நிமிடம்தான்.

முதலில், வீடியோ போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இதைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்றால் போதும். தவறான பதில் வந்தால் திட்ட வேண்டாம். தவறு வெளியே வந்ததே நல்லது. நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று முதலில் கேட்டார்கள். எல்லோரும் காட்டு மரங்களை எல்லாம் நினைத்துப் பார்த்த பிறகே, அது பேரீச்சை என்று சொன்னார்கள். முதலில் கேள்வி, பிறகு விளக்கம்.

இரண்டாவது, பாதியில் ஒருமுறை நிறுத்துங்கள். "அடுத்து என்ன சொல்லப்போகிறார்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, முடிந்ததும் மொபைலை எடுத்துவிடுங்கள். "உம்மாவுக்கு இது தெரியாது. எனக்குச் சொல்லிக் கொடு" என்று சொல்லுங்கள். இங்கேதான் படிக்காத தாய்க்கும் ஒரு பெரிய இடம் இருக்கிறது. விடை சரியா என்பதைப் புத்தகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிள்ளை எங்கே திணறுகிறது, எங்கே மழுப்புகிறது என்பதைக் கண்டுகொள்ள எந்தத் தாய்க்கும் பட்டம் தேவையில்லை.

நான்காவது, நோட்டில் எழுத வைக்க வேண்டும். கணக்கு என்றால், அதே மாதிரி 3 கணக்குகளை வீடியோவைப் பார்க்காமல் போட வேண்டும். அறிவியல் என்றால் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும்.

ஐந்தாவது, மறுநாள் 2 நிமிடம், ஒரு வாரம் கழித்து 2 நிமிடம் அதையே கேளுங்கள். இது மதரஸாவில் பழைய பாடம் கேட்பது போலத்தான்.

கணக்குக்கு நம் வீட்டுப் பேச்சிலிருந்தே கேள்வி எடுக்கலாம். பின்னங்கள் பற்றிய வீடியோ பார்த்த பிள்ளையிடம், "ஜகாத் இரண்டரை சதவீதம் என்றால் எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேளுங்கள். நாற்பதில் ஒன்று என்று அது கண்டுபிடிக்கட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் வாரிசுரிமைக் கணக்கு கொடுக்கலாம். ஒருவர் இறந்துவிட்டார். கடனும் வஸிய்யத்தும் போக 24 லட்சம் ரூபாய் மீதம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள். யாருக்கு எவ்வளவு? பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 லட்சம். மீதி 21 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. எனவே மகனுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். பின்னமும் பழகும், ஃபராயிளும் காதில் விழும். நாளை தன் சகோதரியின் பங்கைக் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு இளமையிலேயே தெரிந்திருப்பது நல்லது.

எதற்கு வீடியோ, எதற்கு வேண்டாம்?

கண்ணால் பார்க்க முடியாததை, அல்லது அசைவதைக் காட்ட வீடியோ மிகவும் உதவும். இதயம் இரத்தத்தைச் செலுத்துவது, எரிமலை உருவாவது, கவராயம் வைத்துக் கோணத்தை இருசமமாக்குவது, ஆங்கில உச்சரிப்பு போன்றவை இதில் சேரும். ஆனால் கையெழுத்து, கட்டுரை எழுதுவது, வாய்ப்பாடு, கணக்கில் வேகம் இவையெல்லாம் கையால் செய்து பழகினால்தான் வரும். நீச்சல் வீடியோ பார்த்தவர் கிணற்றில் குதிக்க முடியாது.

தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஒரு வீடியோ ஒரே ஒரு கருத்தை விளக்க வேண்டும். பிள்ளையின் வகுப்புக்கும் பயிற்று மொழிக்கும் பொருந்த வேண்டும். யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம் என்பதால் தவறுகளும் உண்டு. சந்தேகம் வந்தால் பாடப்புத்தகமே முடிவு. பின்னணி இசையும் தேவையில்லாத வேடிக்கைகளும் நிறைந்த வீடியோக்களைத் தவிர்த்துவிடுங்கள். மார்க்கக் காரணம் ஒருபுறம் இருக்க, பாடத்துக்குத் தொடர்பில்லாத சத்தமும் படமும் கற்றலைக் குறைக்கின்றன என்பது கல்வி உளவியல் அறிஞர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளிலும் தெரியவந்த உண்மை.

இன்னொன்று. பாட வீடியோ சுருக்கமானது என்பதற்காக, யூடியூப் ஷார்ட்ஸையும் ரீல்ஸையும் அதோடு சேர்த்துவிடக் கூடாது. பாட வீடியோ முடிந்தால் நின்றுவிட வேண்டும். ஷார்ட்ஸ் நிற்காமல் அடுத்ததற்கு இழுப்பதற்காகவே அமைக்கப்பட்டது. "ஒரு நிமிட அறிவியல்" என்று தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் பிள்ளை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் 'ஆட்டோபிளே' வசதியை அணைத்துவிடுங்கள். முடிந்தவரை பாடங்களை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவைத்து, பார்க்கும்போது நெட்டை நிறுத்திவிடுங்கள். கூடத்தில், எல்லோர் கண் எதிரிலும் பார்க்கட்டும்; கதவைச் சாத்திய அறையில் வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை. 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு மொத்தத் திரை நேரமே நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

பெண் பிள்ளைகளும் ஜமாஅத்தும்

பல வீடுகளில் படிப்பதற்கென்று மொபைல் வாங்கித் தரப்படுவது மகனுக்கு. மகள், உம்மாவின் மொபைல் எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கிறாள். கிடைக்கும்போது சமையல் வேலை வந்துவிடுகிறது. மகளை டியூஷனுக்கு வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பங்களில், வீட்டுக்குள் வரும் இந்தக் கல்வி அவளுக்குத்தான் அதிகம் பயன்பட வேண்டும். மகனுக்கு ஒரு மணி நேரம் என்றால் மகளுக்கும் ஒரு மணி நேரம் என்று எழுதி ஒட்டிவையுங்கள். பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடப்பது அன்பளிப்பில் மட்டும் அல்ல.

மொபைல் வாங்க வழியில்லாத வீடுகளுக்கு ஜமாஅத்துகள் உதவலாம். பெரும்பாலான மஹல்லாக்களில் மாலை மக்தப் நடக்கிறது. அது முடிந்ததும் ஒரு மணி நேரம், மதரஸா ஹாலில் ஒரு டிவியை வைத்துப் பள்ளிப் பாடம் நடத்தலாம். வீடியோ 6 நிமிடம், பிறகு கேள்வி, பிறகு நோட்டில் பயிற்சி. இதற்குத் தேவை ஒரு டிவி, ஒரு பென்டிரைவ், ஊரில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு சகோதரி அல்லது கல்லூரி மாணவர் ஒருவர். அவர் எல்லாப் பாடங்களிலும் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒப்புவிப்புக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும். பெருநாள் அலங்கார விளக்குகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

தொழுகையைச் சரியாகத் தொழாத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் திரும்பப் போய்த் தொழும்படி மூன்று முறை அனுப்பினார்கள். அவர் செய்வதைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், கற்றுக் கொடுங்கள்" என்று அவரே கேட்ட பிறகு, ஒவ்வொரு நிலையாக விளக்கினார்கள். செய்ய வைத்து, பார்த்து, திருத்துவதே கற்பித்தல். அதை எந்தத் திரையும் செய்யாது.

இன்று இரவே தொடங்கலாம். பிள்ளையின் பாடப்புத்தகத்தை எடுங்கள். நாளை வகுப்பில் நடக்கும் பாடத்துக்கு ஒரே ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பாருங்கள். முடிந்ததும் மொபைலை மூடிவைத்துவிட்டு, "இப்போது நீ எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இம்மைக்கும் மறுமைக்கும் பயன் தரும் கல்வியை அல்லாஹ் அதிகப்படுத்துவானாக! ஆமீன்.